மேக்ஸ் மாரா 101801 கோட்: மூவாயிரம் பவுண்டு போடலாமா?

கோவை_க்ராய்டன்:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு கோட் விஷயத்தில் முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லண்டன் வந்ததிலிருந்து நூறு, நூற்றைம்பது பவுண்டு கோட்டுகளைத்தான் போட்டு வருகிறேன். முதல் குளிர்காலம் நன்றாக இருக்கும். அடுத்த வருடமே அக்குளுக்குக் கீழேயும் இடுப்பிலும் உருண்டை உருண்டையாகத் திரண்டுவிடும். லேபிளைப் பார்த்தால் பாதிக்கு மேல் பாலியஸ்டர். இந்த வருடம் ஆபீஸில் போனஸ் வந்திருக்கிறது. இப்படி வாங்கி வாங்கித் தூக்கிப் போடுவதற்கு, ஒரே ஒரு நல்ல கோட் வாங்கி வருடக்கணக்கில் வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றிவிட்டது.

நான் ஆசைப்பட்டது மேக்ஸ் மாரா என்ற இத்தாலியக் கம்பெனியின் 101801 என்ற மாடல். காக்கியும் இல்லாமல் பழுப்பும் இல்லாமல் ஒட்டக நிறம், முழங்காலுக்குக் கீழே வரை நீளம், முன்பக்கம் இரட்டை வரிசைப் பொத்தான், அகலமான கை. பாண்ட் ஸ்ட்ரீட் கடையில் போட்டுப் பார்த்தேன். கண்ணாடி முன்னால் நின்றபோது கழற்ற மனம் வரவில்லை. விலை மூவாயிரம் பவுண்டை ஒட்டி வருகிறது. அம்மா போனில் கேட்டுவிட்டு, "அந்தக் காசுக்குத் தங்கம் வாங்கி வைடி, கல்யாணம் காட்சிக்காவது ஆகும்" என்கிறார். வீட்டுக்காரர் "உன் போனஸ், உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டார். அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

என் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். தினமும் ஈஸ்ட் க்ராய்டனில் ரயில் ஏறி லண்டன் பிரிட்ஜ் போகிறேன். இந்தக் கோட் உண்மையிலேயே இருபது வருடம் உழைக்குமா? யாராவது போட்டுப் பழகியவர்கள் இருக்கிறீர்களா? செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா?

ஸ்கார்பரோ_வாசி:

அக்கா, நான் டொராண்டோவில் இருந்து எழுதுகிறேன். இங்கே ஜனவரியில் மைனஸ் இருபது போகும். அந்தக் குளிருக்கு இறகு வைத்த பார்க்கா ஜாக்கெட்தான் சரி. கம்பளிக் கோட்டைக் காரில் இருந்து கட்டடத்துக்குள் போகிற தூரத்துக்கு மட்டும்தான் போட முடியும். ஆனால் உங்கள் ஊர்க் குளிர் வேறு. பூச்சியத்துக்கு மேலே மூன்று, நான்கு, ஐந்து என்று மாதக்கணக்கில் நிற்கும். கம்பளிக்கென்றே செய்தது போன்ற குளிர் அது. நவம்பரில் இருந்து மார்ச் வரை தினமும் போடுவீர்கள். நான் லண்டனில் இருந்தால் வாங்கியிருப்பேன்.

மாத_பட்ஜெட்:

அம்மா சொன்னதில் பாதி சரி. கோட்டைத் தங்கம் மாதிரி நினைத்து வாங்காதீங்க. கடையை விட்டு வெளியே வந்த அன்றே விலை இறங்கிவிடும். நல்ல நிலையில் இருக்கிற இதே கோட், பழைய சாமான் விற்கிற தளங்களில் பாதி விலைக்கும் கீழே ஓடுகிறது. பணம் பெருகுவதற்காக என்றால் வேண்டாம்.

ஆனால் மீதிப் பாதியையும் சொல்லிவிடுகிறேன். கடன் இல்லை, அவசரச் செலவுக்கு ஆறு மாதச் சம்பளம் தனியாக இருக்கிறது என்றால், தினமும் உடம்பில் போடுகிற பொருளுக்குச் செலவழிப்பதில் தப்பே இல்லை. கிரெடிட் கார்டில் தவணை போட்டு வாங்குவதாக இருந்தால் மட்டும் இந்தப் பேச்சையே விட்டுவிடுங்கள்.

போலோன்யா_மாணவி:

நான் இத்தாலியில் படிக்கிறேன். போலோன்யாவில் இருந்து மிலானுக்கு ரயிலில் போகிற வழியில்தான் ரெஜியோ எமிலியா வருகிறது. மேக்ஸ் மாராவின் சொந்த ஊர் அதுதான். அக்கில்லே மரமோத்தி என்பவர் சட்டம் படித்துவிட்டு 1951-இல் அங்கே ஆரம்பித்த கம்பெனி. அவருடைய அம்மா தையல் பள்ளி நடத்தியவர். அதனால் தையல் அவர்கள் வீட்டில் முன்பே இருந்தது. நீங்கள் சொல்கிற 101801-ஐ 1981-இல் ஆன்-மரி பெரெத்தா என்ற பிரெஞ்சு வடிவமைப்பாளர் வரைந்தார். ஆண்கள் கோட்டின் தோரணையைப் பெண்கள் கோட்டுக்குக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து இன்று வரை கிட்டத்தட்ட அதே வடிவம். இதனால் உங்களுக்கு ஒரு பெரிய வசதி: பத்து வருடம் பழைய கோட்டைப் போட்டாலும் பழசு என்று யாருக்கும் தெரியாது.

அமெரிக்க அரசியல்வாதி நான்சி பெலோசி 2018 டிசம்பரில் வெள்ளை மாளிகையில் டிரம்ப்புடன் வாக்குவாதம் செய்துவிட்டு ஒரு சிவப்புக் கோட்டில் வெளியே வந்தாரே, அதுவும் மேக்ஸ் மாராதான். அதே கோட்டை அவர் 2013-இல் ஒபாமா இரண்டாவது முறை பதவியேற்றபோதும் போட்டிருந்தார். அந்தப் படம் ஓடிய ஓட்டத்தில், நிறுத்திவிட்டிருந்த அந்தக் கோட்டைக் கம்பெனி மறுபடி தைத்து விற்றது.

செகண்ட் ஹேண்டில் தேடும்போது ஒரு எச்சரிக்கை. 'மேக்ஸ் மாரா' என்று விற்பனைக்கு வருவதெல்லாம் ஒன்றல்ல. வீக்கெண்ட், எஸ் மேக்ஸ் மாரா, மேக்ஸ் அண்ட் கோ என்று அதே குழுமத்தில் விலை குறைந்த வரிசைகள் இருக்கின்றன. அவையும் கெட்டவை இல்லை, ஆனால் அவற்றுக்கு 101801 விலை கொடுக்கக் கூடாது. உள்ளே தைத்திருக்கிற லேபிளின் படம் இல்லாமல் பேச்சே வேண்டாம். இத்தாலி பக்கம் வந்தால் டிஃபுசியோனே தெசிலே (இப்போது டிடி இன்ட்ரெண்ட்) என்ற கடைகளைப் பாருங்கள், அந்தக் குழுமத்தின் மிச்சச் சரக்கு அங்கேதான் வரும். நான் போனபோதெல்லாம் கோட்டுகள் நிறையவே தொங்கின.

ஹாரோ_தையல்கடை:

தங்கச்சி, நான் ஹாரோவில் ஆல்டரேஷன் கடை வைத்திருக்கிறேன். ஊரில் அம்மாவிடம் தையல் பழகினவள். இங்கே வந்து முதலில் ஒரு ட்ரைகிளீனிங் கடையின் பின்னறையில் இருந்து தைத்தேன், பிறகுதான் சொந்தக் கடை. ஒக்டோபர் பிறந்தால் என் மேசை முழுக்கக் கோட்டுத்தான். நீங்கள் கேட்கிற 101801-உம் வரும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் நான் உங்களைக் கேட்கிறேன். உங்கள் லப்டொப்பை எதில் கொண்டுபோகிறீர்கள்?

இதைக் கேட்காமல் விலையைப் பற்றிக் கதைப்பதில் பிரயோசனம் இல்லை. அந்தக் கோட்டின் துணி தொண்ணூறு வீதம் கம்பளி, பத்து வீதம் காஷ்மீர், அதாவது ஆட்டின் மெல்லிய ரோமம். நெய்த பிறகு மேலே மயிரை எழுப்பி, ஒரே பக்கமாகச் சாய்த்து விட்டிருப்பார்கள். கையால் மேலிருந்து கீழே தடவினால் வழுக்கும், எதிர்ப்பக்கம் தடவினால் நிறம் சற்று இருண்டு தெரியும். அந்த மினுமினுப்புக்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். முதுகுப் பையின் பட்டி தினமும் இரண்டு தோளிலும் உரசினால் அந்த மயிர்தான் முதலில் போகும். பிறகு முதுகின் நடுவில், பை முட்டுகிற இடத்தில், ஒரு தட்டையான வழுவழுப்பு வரும். தோள் பை என்றால் இடுப்பில் ஒரு பக்கம் மட்டும் உருண்டை திரளும். அதைச் சீவி எடுக்கலாம். சீவச் சீவத் துணி மெலியும்.

கிழிந்த லைனிங்கை நான் மாற்றித் தருவேன். பொக்கற்றின் உட்பை ஓட்டையானால் புதிது வைக்கலாம். பொத்தான், பொத்தான் துளை, கை மடிப்பின் ஓரம், எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது. போன மயிரைக் கொண்டுவர என்னால் மட்டுமல்ல, எவராலும் முடியாது. இருபது வருடம் உழைத்து வருகிற கோட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். அவற்றைக் கொண்டுவருகிறவர்கள் அநேகமாகக் கையில் பிடிக்கிற பை வைத்திருப்பார்கள், அல்லது காரில் திரிகிறவர்களாக இருப்பார்கள். முதுகுப் பையோடு ரயிலில் போகிறவரின் மூவாயிரம் பவுண்டுக் கோட், மூன்றாவது குளிர்காலத்தில் முந்நூறு பவுண்டுக் கோட்டைப் போலத்தான் இருக்கும். இது என் அனுபவத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியது.

அடுத்தது உங்கள் உயரம். அந்தக் கோட்டின் கை கிமோனோ வெட்டு. தோளில் தனியாகப் பொருத்திய கை அல்ல, உடம்புத் துணியோடு சேர்ந்தே வெட்டப்பட்டது. உள்ளே தடித்த ஸ்வெட்டர் போட்டாலும், சல்வார் போட்டாலும் இறுக்காது, அது நல்லது. ஆனால் தோளைச் சிறிதாக்கித் தரச் சொல்லி எந்தத் தையற்காரரிடமும் போக முடியாது. பிடித்துச் சின்னதாக்க அங்கே தையலே இல்லை. இன்னொன்று, ரயிலில் மேலே உள்ள கம்பியைப் பிடித்தீர்கள் என்றால் கையோடு சேர்ந்து முழுக் கோட்டும் மேலே எழும்பும். கடையில் கண்ணாடி முன்னால் கையைத் தொங்கவிட்டு நின்றால் இது தெரியாது. மறுபடி போய், ஒரு கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்று பாருங்கள். வழக்கமாக எடுப்பதைவிட ஒரு அளவு சின்னதையும் போட்டுப் பாருங்கள், உங்கள் உயரத்துக்கு அதுதான் வடிவாக இருக்கும் என்று நினைக்கிறேன். கீழே நீளம் குறைக்கலாம், ஆனால் இரண்டு அங்குலத்துக்கு மேல் நான் வெட்ட மாட்டேன். அதற்கு மேல் போனால் பொக்கற் கீழே இறங்கின மாதிரித் தெரியும், கோட்டின் அழகே போய்விடும்.

தையலைப் பார்க்க ஒரு வழி. கொலர் மடிப்பின் ஓரத்தில் இருந்து சற்று உள்ளே தள்ளி, கையால் போட்டது போல ஒரு நூல் வரிசை ஓடும். அவர்களுடைய அடையாளமே அதுதான். அது எங்கேயும் துணியைச் சுருக்கி இழுக்காமல் இருக்க வேண்டும். மற்றக் கம்பெனிக் கோட்டுகளையும் பார்க்கிறீர்கள் என்றால், மார்புப் பக்க மடிப்பை இரண்டு விரலால் பிடித்து மெல்லப் பிரித்துப் பாருங்கள். வெளித்துணிக்கும் உள்துணிக்கும் நடுவில் இன்னொரு துணி தனியாக நழுவினால் அது தைத்து வைத்த கான்வாஸ். ஒட்டின மாதிரிக் கெட்டியாக இருந்தால் பசை போட்டது. மலிவான பசை சில தடவை ட்ரைகிளீன் செய்ததும் விட்டுப்போய், மேலே கொப்புளம் கொப்புளமாக வரும். அப்படி வந்த கோட்டை நான் திருப்பி அனுப்பிவிடுவேன், செய்ய ஒன்றும் இல்லை.

ட்ரைகிளீனிங்கும் அளவோடுதான். குளிர்காலம் முடிந்து உள்ளே வைக்கிறதுக்கு முன்னால் ஒரு தடவை போதும். மற்ற நாட்களில் வீட்டுக்கு வந்ததும் மயிர் சாய்ந்த பக்கமாக ஒரு பிரஷ்ஷால் தட்டிவிட்டு, அகலமான மரக் கொழுவியில் தொங்கவிடுங்கள். மழையில் நனைந்தாலும் பயப்பட வேண்டாம். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவு ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டும் தொட்டால் ஈரம் தெரியாமல் இருக்கும். ஹீட்டருக்குப் பக்கத்தில் மட்டும் காய வைக்க வேண்டாம்.

பூச்சி பற்றியும் சொல்ல வேண்டும். சின்னஞ்சிறு பொன்னிற அந்துப்பூச்சி முட்டையிட்டு, அதன் புழுதான் கம்பளியைத் தின்கிறது. வியர்வையும் சாப்பாட்டுக் கறையும் பட்ட இடம் என்றால் அதற்குக் கொண்டாட்டம். ஊரில் அலுமாரிக்குள் போடுகிற நாப்தலீன் உருண்டையை ஐரோப்பிய ஒன்றியம் 2008-இலேயே தடை செய்துவிட்டது, அதைத் தேட வேண்டாம். பழைய கோட் எது வாங்கினாலும், அலுமாரிக்குள் விடுவதற்கு முன்னால் பிளாஸ்டிக் பையில் காற்று போகாமல் கட்டி இரண்டு கிழமை, அதாவது பதினாலு நாள், ஃப்ரீசரில் வையுங்கள். மைனஸ் பதினெட்டில் முட்டையும் புழுவும் செத்துப்போகும்.

என் முடிவு இதுதான். பையை மாற்ற முடியும் என்றால் செகண்ட் ஹேண்டில் உங்கள் அளவில் ஒன்றைத் தேடி வாங்குங்கள். வடிவம் மாறாத கோட்டுக்குப் புது விலை கொடுக்க வேண்டியதில்லை. பையை மாற்ற முடியாது என்றால், எண்பது வீதத்துக்கு மேல் கம்பளி உள்ள ஒரு சாதாரண கோட் முந்நூறு பவுண்டுக்குக் கிடைக்கும், அதை வாங்கி மனக்கவலை இல்லாமல் போடுங்கள்.

கோவை_க்ராய்டன்:

அக்கா, ரொம்ப நன்றி. முதுகுப் பைதான். ஆனால் ஆபீஸில் லாக்கர் கொடுத்திருக்கிறார்கள், வீட்டில் வேலை பார்க்கிற நாளுக்கு வேறு கணினி இருக்கிறது. லேப்டாப்பை அங்கேயே வைத்துவிட்டு, சாப்பாட்டு டப்பாவோடு ஒரு கைப்பை மட்டும் எடுத்துப் போகலாம். இதுவரை இது தோன்றவே இல்லை.

நேற்று மறுபடி கடைக்குப் போய் நீங்கள் சொன்ன மாதிரிக் கையைத் தூக்கிப் பார்த்தேன். சின்ன அளவில் அவ்வளவாக மேலே ஏறவில்லை. அதே அளவில் ஒரு பழைய கோட் 850 பவுண்டுக்கு வந்திருக்கிறது. "புதுசு போலவே" என்று எழுதியிருக்கிறார்கள். முன்பக்கப் படம் இரண்டு மட்டும்தான். என்னென்ன கேட்க வேண்டும்?

ஹாரோ_தையல்கடை:

முன்பக்கம் எல்லாக் கோட்டும் புதிது போலத்தான் இருக்கும் தங்கச்சி. பகல் வெளிச்சத்தில், கிட்ட வைத்து எடுத்த படங்கள் கேளுங்கள்: அக்குளின் கீழ்ப்பக்கம், இரண்டு இடுப்பும், தோளின் மேற்பக்கம், பொக்கற் வாய், கை மடிப்பின் ஓரம், கழுத்து படுகிற இடத்தில் கொலரின் உட்பக்கம், பெயரும் துணி வீதமும் உள்ள இரண்டு லேபிள். பிறகு முதுகுப் பக்கத்தை ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடித்து ஒரு படம். லைனிங் இருந்தாலும் பூச்சி தின்ற இடத்தில் துணி மெலிந்து தெரியும். நீளம் குறைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள், பின் கழுத்தில் இருந்து கீழ் ஓரம் வரை அளந்து சொல்லட்டும், கடைக் கோட்டின் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

லைனிங் கிழிந்திருந்தால் விடாதீர்கள், விலையைக் குறைத்துக் கேளுங்கள். முழு லைனிங் மாற்ற இங்கே நூறு பவுண்டுக்கு மேல் ஆகும், அதைக் கழித்துக் கேட்பது நியாயம்தான். தோளில் வழுவழுப்புத் தெரிந்தால் எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். காசைத் தளத்துக்கு வெளியே அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். படங்கள் வந்ததும் இங்கே போடுங்கள், இரவு கடை பூட்டினதும் பார்த்துச் சொல்கிறேன்.