ப்ரீ-ரெஜிஸ்ட்ரேஷன்: 'முன்பதிவு' வேண்டாமே

நண்பர்களுக்கு வணக்கம். ஆய்வுத்துறையில் வரும் 'ப்ரீ-ரெஜிஸ்ட்ரேஷன்' என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் வந்த யோசனை இது:

> 'முன்பதிவு' என்றே வைத்துவிடலாமே, எல்லோருக்கும் தெரிந்த சொல்தானே.

தெரிந்த சொல் என்பதுதான் சிக்கலே. முன்பதிவு என்றால் எனக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ்தான் ஞாபகம் வருகிறது, போக மனமில்லை என்றால் ரத்து செய்து கொஞ்சம் பணத்தையும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். இங்கே விஷயம் நேர் எதிர்: என்ன எதிர்பார்க்கிறேன், எத்தனை பேரைச் சோதிப்பேன், எந்தக் கணக்குப் போடுவேன் என்று தரவு கைக்கு வருமுன்பே எழுதித் தேதி போட்டுப் பொதுவில் வைத்துவிடுவது. அப்புறம் மாற்றினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? முன்பே எழுதிவைக்காவிட்டால், தரவைப் பார்த்த பிறகு கணக்கை மாற்றி மாற்றிப் போட்டு வேண்டிய முடிவை வரவழைத்துவிடலாம். 2011-இல் கார்னெல் பல்கலைக்கழக உளவியலாளர் டேரில் பெம், வரப்போவதை மனம் முன்பே உணர்கிறது என்று 9 சோதனைகளோடு கட்டுரை வெளியிட்டார், அதுவும் துறையின் முதல் வரிசை இதழில். ஒன்பதாவது சோதனையை நம் பேச்சில் சொன்னால், தேர்வு எழுதி முடித்த பிறகு படித்தாலும் மதிப்பெண் கூடும்! 2012-இல் வேறு மூவர், செய்யப்போவதை முன்கூட்டியே பதிந்துவைத்துவிட்டு அதையே மூன்று முறை செய்து பார்த்தார்கள், ஒன்றும் வரவில்லை.

2015-இல் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்ததில் 36 விழுக்காடுதான் தேறியது. உளவியலே போலி அறிவியல் என்பதற்கு இதைக் காட்டுகிறார்கள், எனக்கு மாறாகப் படுகிறது, அந்தக் கணக்கை எடுத்து வெளியிட்டதே உளவியலாளர்கள்தானே. போன வருடம் எடுத்த சீட்டில் எத்தனை பலித்தது என்று எந்தக் கிளி ஜோசியர் கணக்குக் காட்டினார்?

'முன்னுரைத்தல்' வேண்டாம், அது தீர்க்கதரிசிகளின் வேலை. என் பரிந்துரை 'முன்சாட்டு'. அம்மன் கோவில் பூச்சாட்டு மாதிரி, சாட்டியாகிவிட்டால் பின்வாங்க முடியாது.

---

ஐயா, பூச்சாட்டு அழகுதான், ஆனால் எங்கள் யாழ்ப்பாணத்தில் சாட்டு என்றால் சாக்குப்போக்கு. 'ஆய்வாளர் முன்சாட்டு வைத்திருக்கிறார்' என்று எழுதினால், தோற்கும் முன்பே நொண்டிச்சாட்டுத் தேடிவிட்டார் என்றுதான் வாசிப்போம். பறைசாற்றுதல் இருக்கிறதே, முன்சாற்று?

---

நொண்டிச்சாட்டு! சிரித்து முடியவில்லை. முன்சாற்று என்றால் யாராவது பழச்சாற்றை நினைப்பார்கள், ஆகவே 'முன்சாற்றல்'. 'முன்சாற்றிய ஆய்வு' என்றும் இயல்பாக வருகிறது. இன்றிரவு விக்சனரியில் ஏற்றப் பார்க்கிறேன், எதிர்ப்பு இருந்தால் அதற்குள் சொல்லுங்கள்.