‘எர்த்’: மோரிஸ் மைனரின் கறுப்பு வயருக்கு ஒரு சொல் வேண்டும்

தொழிற்பயிற்சி ஆசிரியர், சென்னை:

கலைச்சொல் மடற்குழு அன்பர்களுக்கு வணக்கம். 1958-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் கார், மோரிஸ் மைனர் ஒன்றைப் பிரித்து வண்ணம் அடித்து, மாணவர்களோடு திரும்பப் பூட்டிக்கொண்டிருக்கிறேன். முகப்பு விளக்குக்கான தமிழ்க் கைத்தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். விளக்கு உட்காரும் கிண்ணத்துக்கு ‘அகல்’ என்று எழுதினேன். எல்லோருக்கும் உடனே புரிந்தது. நீல-வெள்ளை வயர் உயர்ஒளிக்கு (ஹை பீம்), நீல-சிவப்பு தாழ்ஒளிக்கு (லோ பீம்). பட்டறையில் ‘எர்த்’ என்று சொல்லும் கறுப்பு வயரில்தான் நின்றுவிட்டேன். பாடநூல் வழக்கப்படி ‘புவி இணைப்பு’ என்று போட்டிருந்தேன். ஒரு மாணவர் வயரைக் கையில் பிடித்தபடி, “வண்டி நான்கு ரப்பர் டயர்மேல் நிற்கிறது. இது எப்படி ஐயா பூமிக்குப் போகும்?” என்றார். போகாதுதான். மின்சாரம் வண்டியின் இரும்பு வழியாகவே பேட்டரிக்குத் திரும்புகிறது. சொல் தாருங்கள்.

மதுரை:

‘புவி’ வடசொல். ‘நிலத்தொடுப்பு’ என்று எழுதுங்கள். நிலம் என்றால் மண் என்று மட்டும் கொள்வது பிழை. நில் என்ற வேரிலிருந்து நிலை, நிலையம், நிலைப்படி, நிலுவை எல்லாம் வந்தன. வரவு செலவு போக நிற்பது நிலுவை. கதவு ஆடினாலும் ஆடாமல் நிற்பது நிலை. மின்னழுத்தம் மாறாமல் நிற்கும் இடம் நிலம். வண்டிக்குள் நிலம் இருக்க டயர் தடையாகாது.

கோவை:

இவ்வளவு தூரம் போக வேண்டுமா? எல்லா வண்டியிலும் பேட்டரியின் எதிர்முனைதானே (நெகட்டிவ்) வண்டியின் உடலோடு சேர்கிறது? ‘எதிர்முனை இணைப்பு’ போதும்.

யாழ்ப்பாணம்:

கோவை அன்பர் பொறுக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஆஸ்டின் ஏ40 கார் நின்றது. அதிலும், ஆசிரியர் பூட்டும் மைனரிலும், பேட்டரியின் நேர்முனைதான் உடலோடு சேரும். அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்கள் பலவும் அப்படியே. உங்கள் சொல்லை நம்பி ஒரு பிள்ளை பேட்டரியை மாற்றிப் பூட்டினால் பழைய டைனமோவுக்குக் கேடு. முனையின் பெயர் இதற்குள் வரவே கூடாது. இன்னொன்று: ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் வண்டியில் இதைப் பூமி என்று சொல்வதில்லை. இரு மொழியிலும் ‘திரள்’ என்று பொருள்படும் சொல்தான். வீட்டு மின்சாரத்துக்குத்தான் பூமி. ஆங்கிலத்தைப் பார்த்து எழுதியதால் நாம் இரண்டையும் கலந்துவிட்டோம்.

கரூர்:

எங்கள் ஊரில் பஸ்ஸுக்குக் கூண்டு கட்டுகிறோம். ‘கூண்டிணைப்பு’ என்றால் பட்டறையில் யாரும் அகராதி தேட மாட்டார்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை, திருநெல்வேலி:

உடலுக்கு ‘மெய்’ இருக்கிறதே! “மெய்வருத்தக் கூலி தரும்” என்ற குறளில் மெய் உடல்தான். தனித்து இயங்காமல் உயிரோடு சேர்ந்து ஒலிப்பதால் எழுத்துக்கும் அதே பெயர். மின்சாரம் உயிர், இரும்பு மெய். இரண்டும் கூடினால் விளக்கு எரிகிறது. ‘மெய்யிணைப்பு’ என்று சொல்லிப் பாருங்கள். மதுரை ஐயாவுக்கு ஒரு வார்த்தை: வடசொல்லைத் தமிழ் எழுத்துக்கு இசைய ஏற்கத் தொல்காப்பியரே வழி சொல்லியிருக்கிறார். புவியை நான் விலக்குவது அது வடசொல் என்பதற்காக அல்ல, இங்கே அது பொருந்தாததால்.

சென்னை:

அம்மா, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் மாணவர்கள் ‘உண்மையான இணைப்பு’ என்று படித்துவிட்டார்கள். இன்று பட்டறையில் நடந்ததைச் சொல்கிறேன். விளக்குகளைப் பூட்டித் தாழ்ஒளியில் வைத்தோம். இடது விளக்கு மங்கியது. டாஷ்போர்டில் உயர்ஒளிக்கான சின்ன விளக்கு லேசாக எரிந்தது. கறுப்பு வயரின் திருகு புதுப் பெயின்ட் மேல் உட்கார்ந்திருந்தது. திரும்ப வழி இல்லாததால் மின்சாரம் அதே பல்பின் உயர்ஒளி இழைக்குள் புகுந்து, நீல-வெள்ளை வயர் வழியே பின்னோக்கி ஓடியிருக்கிறது. வண்டியின் உடலைத்தான் அந்த வயர் தொட வேண்டும் என்று சொன்னதும், முன்பு கேள்வி கேட்ட அதே மாணவர் உப்புத்தாள் எடுத்துப் பெயின்டைச் சுரண்டினார். விளக்கு பளிச்சென்று எரிந்தது. ‘புவி’ என்று சொல்லியிருந்தால் அந்தக் கை உப்புத்தாளுக்குப் போயிருக்காது. ஆகவே ‘உடலிணைப்பு’ என்று எழுதுகிறேன். முதலில் வரும் இடத்தில் ‘பட்டறையில் எர்த் என்பார்கள்’ என்ற வரியும் இருக்கும்.

யாழ்ப்பாணம்: சம்மதம்.

கரூர்: கூண்டுதான் என் விருப்பம். அச்சு நிற்க வேண்டாம், உடலே இருக்கட்டும்.

கோவை: சரி. நேர்முனை செய்தியையும் கைத்தாளில் தடித்த எழுத்தில் சேருங்கள்.

மதுரை:

கைத்தாளுக்கு உடல் போதும். கலைச்சொல் அகராதிக்குப் போதாது. நாளை மரச்சட்டத்தில் பூட்டிய வானொலிக்கு எந்த உடலைக் காட்டுவீர்கள்? நிலத்தொடுப்பை நான் விடவில்லை. வேர்ச்சொல் விளக்கத்தைத் தனி மடலாக ஞாயிறன்று அனுப்புகிறேன்.