தார்ப்பாயின் கீழ் இரவு தங்கல்: அட்டை, எறும்பு, எலித் தொல்லைக்கு வழி உண்டா?

கேள்வி: வைகைக்கரையான்

வணக்கம். நானும் நண்பர்கள் மூவரும் கார்த்திகை மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு வாரக் கடைசியில், தாண்டிக்குடிக்குச் சற்றுக் கீழே எங்களுள் ஒருவருடைய சித்தப்பாவின் காப்பித் தோட்டத்தில், கூடாரம் இல்லாமல் தார்ப்பாயை மட்டும் கட்டி இரண்டு இரவுகள் தங்கலாம் என்று போனோம். ஒரே இரவில் திரும்பிவிட்டோம்.

12க்கு 15 அடித் தார்ப்பாயை ஒரு பலா மரத்துக்கும் ஒரு சில்வர் ஓக்குக்கும் நடுவே கயிறு கட்டி விரித்திருந்தோம். இருட்டியதும் உள்ளே தொங்கவிட்ட வெள்ளை விளக்கைச் சுற்றி ஈசல் மொய்த்து, ரசத்தில் சிறகு சிறகாக மிதந்தது. பத்து மணிவாக்கில் பலா மரத்திலிருந்து முசுறு எறும்புகள் கயிற்றின் வழியே வரிசையாக வந்து எங்கள் போர்வையின் மேல் உதிர்ந்தன. நள்ளிரவில் ஏதோ ஒன்று மலைவாழைச் சீப்பை இழுத்துக்கொண்டு ஓடியது. கடலை மிட்டாய் வைத்திருந்த பையின் அடியில் எலி ஓட்டை போட்டிருந்தது. விடிந்து பார்த்தால் நண்பனின் ஒரு காலுறை முழுதும் ரத்தம், உள்ளே கட்டைவிரல் பருமனுக்கு ஊதிய அட்டை.

தார்ப்பாயைச் சுற்றி உப்பு வட்டம் போட்டோம், தூறலில் கரைந்தது. நான்கு கொசுச்சுருள் கொளுத்தினோம். கைப்பேசியில் கொசு விரட்டும் ஒலிச் செயலியும் ஓடிக்கொண்டிருந்தது. தை மாதம் அதே இடத்துக்கு மீண்டும் போகிறோம். பினாயிலோ மண்ணெண்ணெயோ சுற்றித் தெளித்தால் பயன் உண்டா? கூடாரம் வாங்கும் எண்ணம் இல்லை.

பதில்: காப்பித்தோட்டத்தார்

பினாயில், மண்ணெண்ணெய் இரண்டையும் விட்டுவிடுங்கள். தூறல் விழுந்தால் உப்புக்கு நேர்ந்ததுதான் அவற்றுக்கும் நேரும். உப்பைப் பற்றித் தோட்டக்காரனாக ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். காப்பிச் செடியின் உணவு உறிஞ்சும் வேர்கள் மேல்மண்ணிலேயே படர்ந்திருக்கும். அங்கே உப்பைக் கொட்டினால் உங்கள் நண்பரின் சித்தப்பா அடுத்த முறை தோட்டத்து வாசலையே திறக்கமாட்டார்.

நீங்கள் சொன்ன தொல்லைகள் ஒவ்வொன்றும் வேறு வேறு வழியாக வந்தவை. ஒரே மருந்தைச் சுற்றித் தெளித்து எல்லாவற்றையும் நிறுத்த முடியாது. எறும்பு வந்தது கயிற்றில். முசுறு பலா, மா, ஆரஞ்சு மரங்களில் இலைகளைப் பிணைத்துக் கூடு கட்டும். அந்த மரத்தில் கயிறு கட்டியவர் அதற்குப் பாலம் கட்டித் தந்தவர் ஆவார். கட்டுவதற்கு முன் அண்ணாந்து பார்த்து, பந்துபோல் ஒட்டிய இலைக்கொத்து தெரிந்தால் வேறு மரம் தேடுங்கள். வேறு மரம் இல்லையென்றால், மரத்துக்கும் தார்ப்பாய்க்கும் நடுவே கயிற்றில் ஒரு சாண் நீளத்துக்குப் பழந்துணியை இறுகச் சுற்றி, விளக்கெண்ணெயில் ஊறவிடுங்கள். நான்கு விரல் அகலம் போதாது. முசுறு ஒன்றின்மேல் ஒன்று தொற்றிச் சங்கிலியாகி இடைவெளியைத் தாண்டிவிடும். எல்லாக் கயிற்றிலும் துணி கட்டிவிட்டுத் தார்ப்பாயின் ஒரு மூலையைக் காப்பிச் செடியின் மேல் உரசவிட்டிருந்தாலும், செய்தது அத்தனையும் வீண்.

அட்டை வருவது ஈரச் சருகிலிருந்து. அது உங்கள் காலடி அதிர்வையும் மூச்சுக் காற்றையும் உடற்சூட்டையும் உணர்ந்து, பின்முனையை ஊன்றி எழுந்து நின்று, முன்முனையை இப்படியும் அப்படியும் ஆட்டித் தேடும். தோட்டத்து ஆளின் அனுமதியோடு, தார்ப்பாய்க்கு வெளியே ஆறடி வரை சருகை வாரி ஒதுக்கிவிட்டு, வெறும் மண் தெரியும்படி பெருக்கிவிடுங்கள். காய்ந்த வெறுந்தரையில் அட்டை ஊர்ந்துவரத் தயங்கும். எங்கள் தோட்டத்தில் காப்பிப் பழம் பறிக்க வரும் பெண்கள் புகையிலைத் தூளையும் சவர்க்காரத்தையும் குழைத்துக் காலில் பூசிக்கொள்வார்கள். நெருக்கமாக நெய்த லீச் சாக்ஸைக் கால்சட்டைக்கு மேல் ஏற்றி முழங்காலுக்குக் கீழே கட்டுவது அதைவிட நம்பகமானது.

வாழைச் சீப்பைக் கொண்டுபோனது மரநாயாக இருக்கலாம். பழுத்த காப்பிக் காயையே தேடித் தின்னும் பிராணி, மலைவாழையை விடுமா? அது மரமேறும், பழத்தைக் கிளையில் தொங்கவிட்டால் ஏறிப் போய் எடுத்துக்கொள்ளும். பழத்தையும் தின்பண்டங்களையும் மோட்டார் அறையிலோ சாக்கு அடுக்கும் அறையிலோ பூட்டி வைப்பதே சரி. அறை இல்லையென்றால், மூடி இறுக்கமான தகர டின்னில் போட்டுத் தூங்கும் இடத்திலிருந்து ஐம்பது அடி தள்ளி வைத்து, மூடியின் மேல் கல்லை ஏற்றுங்கள். மிச்சச் சோற்றை மண்ணில் புதைக்க வேண்டாம்; காட்டுப்பன்றி தோண்டும். வரும்போது எடுத்து வந்துவிடுங்கள். யானையும் காட்டெருமையும் நடமாடும் பகுதி அது. அன்றன்றைக்கு எங்கே நிற்கின்றன என்று தோட்டத்தாரிடம் கேட்காமல் படுக்கை விரிக்காதீர்கள்.

பதில்: ஓடைக்காடு

வேப்பிலைப் புகை போட்டால் கொசு அண்டாது. எங்கள் ஊரில் மாட்டுத் தொழுவத்தில் அதைத்தான் செய்கிறோம்.

பதில்: பழைய சாரணர்

தொழுவத்துக்கு மூன்று பக்கம் சுவர் இருக்கிறது, ஐயா. நான்கு பக்கமும் திறந்த தார்ப்பாயின் கீழ் காற்று ஒருமுறை திரும்பினால் புகை நம் கண்ணுக்குத்தான் வரும். அதோடு பாலித்தீன் கூரையின் கீழ் தணல் வைப்பது ஆபத்து. கொசுச்சுருளுக்கும் திறந்தவெளியில் இதே கதைதான். ஒலிச் செயலியால் கொசு விலகாது, மின்கலம்தான் தீரும்.

வைகைக்கரையானுக்கு நான் சொல்வது, இடத்தைக் காக்க முயலாமல் உடம்பைக் காத்துக்கொள்ளுங்கள் என்பதே. தார்ப்பாய் மழைக்கு மட்டும். பூச்சிக்கு அதன் கீழே தனியாக ஓர் அறை வேண்டும். கட்டிலுக்கென்று விற்கும் மடக்குக் கொசுவலை, அதாவது அடித்துணியோடு சேர்த்துத் தைத்து ஜிப் வைத்து, மடக்கினால் தாம்பாளம்போல் வட்டமாகச் சுருங்கிவிடும் வகை, இரண்டு பேர் படுக்கும் அளவில் இரண்டு வாங்கினால் உங்கள் தார்ப்பாயின் கீழ் தாராளமாக அடங்கும். அடியில் தடித்த தரைவிரிப்பு ஒன்றைப் போடாவிட்டால் கல் குத்தி அடித்துணி கிழியும்.

மாலை ஐந்தரைக்குள், கொசு எழும்புவதற்கு முன்பே, வலையைப் பொருத்தி ஜிப்பை மூடிவிடுங்கள். அதன்பின் உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் ஒருவர் திறக்க, ஒருவர் நுழைய, உடனே மூட வேண்டும். முதுகும் முழங்கையும் வலையோடு ஒட்டினால் வெளியிலிருந்தே கொசு குத்தும் என்பதால், ஓரத்தில் போர்வையைச் சுருட்டி அணைபோல் வையுங்கள். வலைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கு டீட் என்னும் பூச்சி விரட்டி கலந்த களிம்பு பூசலாம். அது பிளாஸ்டிக்கைக் கரைக்கும், கைக்கடிகாரப் பட்டையிலும் மூக்குக்கண்ணாடியிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விளக்கு விஷயத்தில் செய்த தவறு பெரும்பாலோர் செய்வதுதான். வெள்ளை விளக்கை இருபதடி தள்ளி ஒரு மரத்தில் மாட்டி ஈசலை அங்கே இழுத்துவிட்டு, சாப்பிடும் இடத்தில் மங்கிய மஞ்சள் விளக்கு வைத்துக்கொள்ளுங்கள். இருட்டுவதற்கு முன்பே சாப்பிட்டுவிட்டால் அந்தச் சிக்கலும் இல்லை.

பதில்: இரவுப்பணிச் செவிலி

இழையில் யாரும் பாம்பைப் பற்றிப் பேசவில்லை. கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. தரையில் படுத்துத் தூங்குபவரைக் கடிப்பது அதன் வழக்கம். பல நேரங்களில் வலியோ வீக்கமோ தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்திருப்பார், சற்று நேரத்தில் இமை தொங்கும், பேச்சு குழறும். 2007இல் வெளியான ஓர் ஆய்வு, தென்கிழக்கு நேபாளத்தில் கொசுவலைக்குள் தூங்கியவர்களுக்குப் பாம்புக்கடி வெகுவாகக் குறைந்திருந்ததைக் காட்டியது. ஆகவே மேலே சொன்ன அடித்துணி வைத்த வலை கொசுவுக்காக மட்டும் அல்ல. கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கை காலை அசைக்காமல் வைத்து 108க்கு அழையுங்கள். கைப்பேசிச் சமிக்ஞை தோட்டத்தில் எந்த இடத்தில் கிடைக்கிறது என்பதைப் பகலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டையைப் பிடுங்காதீர்கள், தீயால் சுடவும் வேண்டாம். நகத்தை அதன் மெல்லிய முனையின் ஓரத்தில் வைத்துத் தோலோடு தள்ளினால் பிடி விடும். அது ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளைச் செலுத்தியிருப்பதால் வெகுநேரம் கசியும். அஞ்ச வேண்டாம், சவர்க்காரம் போட்டுக் கழுவி அழுத்திக் கட்டினால் போதும்.

நான் அதிகம் அஞ்சுவது கண்ணுக்கே தெரியாத ஒன்றுக்கு. புதர்களிலும் புல்லிலும் இருக்கும் ஒருவகைச் சிற்றுண்ணியின் இளம்பருவம் கடிப்பதால் உண்ணிக் காய்ச்சல் வருகிறது. மழையும் குளிருமான இந்த மாதங்களில் தமிழ்நாட்டில் அது அடிக்கடி காணப்படுவதுதான். ஈரத் துணியைப் புல்லின் மேல் உலர்த்தாதீர்கள், புல்லில் வெறும் உடம்போடு சாயாதீர்கள், திரும்பியதும் உடைகளை வெந்நீரில் துவைத்துக் குளியுங்கள். ஊர் திரும்பிய இரண்டு மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், மலையில் தரையில் தங்கியதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு ஆகிய இடங்களில் சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். நேரத்தில் கண்டுகொண்டால் டாக்ஸிசைக்ளின் மாத்திரைக்குக் கட்டுப்படும். தாமதித்தால் நுரையீரல்வரை போகும்.

மறுகேள்வி: வைகைக்கரையான்

அனைவருக்கும் நன்றி. செவிலி அக்கா சொன்னதைப் படித்தபின் நண்பர்களில் ஒருவன் வரவில்லை என்கிறான்; சமாதானம் செய்துகொண்டிருக்கிறேன். காலணிகளை எங்கே வைப்பது? வலைக்குள் இடமில்லை, வெளியே வைத்தால் தேள் நுழையாதா?

பதில்: பழைய சாரணர்

இரண்டு காலணிகளையும் ஒரு நெகிழிப் பைக்குள் போட்டு வாயைச் சுருட்டிக் கட்டி, வலையின் வாசலுக்கு எதிரே வையுங்கள். காலையில் பையைத் திறந்ததும் காலணியைக் கவிழ்த்துத் தட்டாமல் காலை நுழைக்காதீர்கள். புற ஊதாக் கைவிளக்கு ஒன்று இருந்தால் படுக்கும் முன் சுற்றிலும் அடித்துப் பாருங்கள். தேள் அந்த ஒளியில் பச்சையாக மின்னும். முதன்முறை பார்க்கும்போது சற்றுத் திகிலாகத்தான் இருக்கும்.

தகவல்: வைகைக்கரையான்

தை இரண்டாம் வாரம் நால்வரும் போய் இரண்டு இரவும் தங்கித் திரும்பினோம். தோட்டத்து அண்ணன் ஒருவர் மண்வெட்டியோடு வந்து சருகை ஒதுக்கித் தந்தார். அட்டை ஒன்றே ஒன்று, அதுவும் ஓடைக்குப் போனபோது ஏறியது. வலைக்குள் ஒரு கொசுவும் இல்லை. உணவு டின்னின் மேல் இருந்த கல் முதல் இரவு உருண்டு கிடந்தது, மூடி திறக்கவில்லை. காலணிப் பையைக் கட்ட மறந்த நண்பனின் காலணியிலிருந்து காலையில் ஒரு தவளை குதித்தது.

எறும்பு மட்டும் இரண்டாம் நாள் இரவு மீண்டும் கயிற்றைத் தாண்டியது. விளக்கெண்ணெய்த் துணியைத் தொட்டுப் பார்த்தால் காய்ந்து, தூசி படிந்து, பட்டையாக இருந்தது.

பதில்: காப்பித்தோட்டத்தார்

தை வெயிலில் துணி உலர்ந்து அப்படித்தான் ஆகும், தம்பி. மாலைதோறும் மறுபடி ஊற்ற வேண்டும் என்பதை நான் எழுதாமல் விட்டது என் பிழை. அடுத்த முறை எண்ணெய்க்குப் பதிலாக வண்டிச் சக்கரத்துக்குப் போடும் கிரீஸைத் துணியில் தடவுங்கள், எளிதில் காயாது. கயிற்றை அவிழ்க்கும்போது கையில் ஒட்டும். பழைய செய்தித்தாள் கொண்டுபோங்கள்.