புதுப்பிப்பு: தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரி பிரேக் சூடேறும் சிக்கல்

தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும், உயிர்ப்பலிகள் மிகுந்த தொப்பூர் கணவாயில் எங்கள் லாரிகளின் பிரேக் சூடேறிப் பிடிப்புத் தளர்வதைத் தடுப்பது எப்படி என்று முன்பு கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி.

பிரேக்கின் உராய்வுப் பட்டையான லைனிங்கை மாற்றிப் பார்த்ததில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. பலன் தந்தது, இறக்கம் தொடங்கும் முன்பே வண்டியை நிறுத்தி, பிரேக்கை இயக்கும் காற்றின் அழுத்தத்தைச் சரிபார்த்து, கீழ் கியரில் போட்டு, எக்ஸாஸ்ட் பிரேக்கின் (புகை வெளியேறுவதைத் தடுத்து எஞ்சினை மந்தப்படுத்தும் அமைப்பு) துணையோடு எஞ்சினே வேகத்தைக் கட்டுப்படுத்தும்படி இறங்கச் சொன்ன ஓய்வுபெற்ற ஓட்டுநரின் யோசனைதான். பாதி இறக்கத்தில் கியரைக் குறைக்க முயன்றால் அது விழாமல் வண்டி எந்தக் கியரிலும் இல்லாமல் நியூட்ரலிலேயே ஓடிவிடக்கூடும் என்று அவர் எச்சரித்ததும் முக்கியமானது. இப்போது அடிவாரத்தில் சக்கரத்தருகே கருகல் வாடை வருவதில்லை.

எதிர்பாராதது டீசல் கணக்கு. நியூட்ரலில் இறக்கினால் மிச்சம் என்பது ஓட்டுநர்களிடையே ஊறிப்போன நம்பிக்கை. ஆனால் மின்னணுக் கட்டுப்பாடுள்ள எஞ்சினில், கியரில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் செல்வதே நின்றுவிடுகிறது, நியூட்ரலிலோ எஞ்சின் அணையாமலிருக்க அது எரிந்துகொண்டே இருக்கிறது. இதை விளக்கிய பிறகே எங்கள் ஓட்டுநர்கள் மனம் மாறினார்கள். எஞ்சினையே அணைத்து இறக்குவோருக்குக் பிரேக்குக்குக் காற்றை நிரப்பும் கம்ப்ரசரும் பவர் ஸ்டீயரிங்கும் சேர்ந்தே நின்றுபோகும்.