மார்கழிப் பனியில் வீட்டு ஆட்களோடு நடந்ததும் அருங்காட்சியகம் போனதும்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

பர்கூர்க்காரன்

போன மார்கழியில் நடந்தது. இன்னும் மனசை விட்டுப் போகவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மா ஐப்பசியில் தவறிப்போனார். அதற்கப்புறம் அப்பா பேசுவதையே விட்டுவிட்டார். சாப்பிட்டீங்களா என்றால் தலையாட்டுவார், அவ்வளவுதான். ஊரில் தனியாக விட மனசில்லாமல் கிருஷ்ணகிரிக்குக் கூட்டிவந்து எங்களோடு வைத்துக்கொண்டேன். காலையில் கேஆர்பி அணைப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு கால்வாய்க் கரையோடு நடப்போம். பனி எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், முன்னால் போகிறவர் முதுகு தெரியாது. குல்லா, அதன்மேல் துண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் பாட்டுக்கு நடப்பார். பத்துப் பன்னிரண்டு நாள் ஒரு பேச்சு இல்லை. மாந்தோப்பில் பூ விட ஆரம்பித்திருந்தது, நாற்பது வருஷம் மா வைத்து வளர்த்த மனிதர் அதைக்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை.

ஒரு சனிக்கிழமை, மகளுக்குப் பள்ளியில் ஏதோ எழுதிவரச் சொன்னார்கள் என்று அரசு அருங்காட்சியகத்துக்குப் போனோம். நானும் மகளும் முன்னால் போய்விட்டோம். திரும்பிப் பார்த்தால் அப்பா, செத்த வீரர்களுக்கு நட்ட நடுகற்கள் இருக்கும் இடத்துக்கு நாலடி முன்பே நின்று செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். தரை ஐஸ் மாதிரி இருந்தது. "அப்பா, இங்க செருப்பு போட்டுக்கலாம்" என்றேன். கேட்கவில்லை. குல்லாவை எடுத்தார், துண்டை இடுப்பில் கட்டினார், கல்லுக்கு முன்னால் போய் நின்றார். கல்லில் வில்லோடு ஒருவன், உடம்பெல்லாம் அம்பு, காலடியில் ரெண்டு மாடு.

"வேடியப்பன்டா."

இரண்டு மாதத்தில் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அது. நடுகல் வீரனை எங்கள் பக்கம் வேடியப்பன் என்றுதான் சாமியாகக் கும்பிடுவோம். அப்புறம் பேத்தியைக் கிட்டே கூப்பிட்டு விரலால் தொடாமலே ஒவ்வொரு அம்பாக எண்ணிக் காட்டினார். "இத்தனை வாங்கியும் மாட்ட விடல பாரு." கொஞ்ச நேரம் கழித்து, கல்லைப் பார்த்தபடியே, "நம்ம கொல்லை வேடியப்பனுக்கு உங்கம்மாதான் வருசா வருசம் பொங்க வெப்பா. இந்த வருசம் யாரு வெக்கிறது?" என்றார்.

நான் வெளியே போய் நின்றுகொண்டேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

---

அரூர் செவ்வந்தி

படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் தம்பி. என்னுடையது இவ்வளவு பெரியது இல்லை, ஆனாலும் சொல்கிறேன்.

மகள் இரண்டாவது தடவை நீட்டுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். முதல் தடவை மதிப்பெண் வந்த அன்று அழவே இல்லை, அதுதான் எனக்குப் பயம். கதவைச் சாத்திக்கொள்வாள், சோற்றைக் கொண்டுபோய் உள்ளே வைப்பேன், பாதி திரும்பி வரும். ஜனவரியில் பெங்களூரில் சித்திரச் சந்தை நடக்கும் இல்லையா, குமாரகிருபா ரோட்டையே அடைத்துவிட்டு ஓவியர்கள் ரோட்டோரமாகப் படங்களை வைத்து விற்பார்கள், அங்கே என் தங்கை கூப்பிட்டாள். ஒரு நாள்தானே என்று இருட்டிலேயே பஸ் ஏறினோம். தொப்பூர்ப் பக்கம் இருக்கிறவர்களுக்குப் பனி பெரிதாகத் தெரியாது, ஓசூர் தாண்டினால் பஸ் கண்ணாடியில் உள்பக்கமே தண்ணீர் வழிகிறது.

சந்தையில் கூட்டம் தாங்கவில்லை. பக்கத்திலேயே சித்ரகலா பரிஷத் என்ற ஓவியக் கலைக்கூடத்தின் உள்ளே ரோரிக் என்ற ரஷ்ய ஓவியரின் படங்களுக்கென்று தனி அறை இருக்கிறது, அங்கே நுழைந்தோம். எல்லாம் இமயமலை. நீலம், ஊதா, உச்சியில் மட்டும் வெள்ளை. மனுசர் யாருமே இல்லாத மலை. தங்கை சொன்னாள், அவர் இமயமலையில் குலு பள்ளத்தாக்கிலேயே குடியிருந்து 1947-இல் அங்கேயே இறந்தாராம், மகனும் ஓவியராம், நடிகை தேவிகா ராணியைக் கட்டிக்கொண்டு பெங்களூர் கனகபுரா ரோட்டில் வாழ்ந்தாராம்.

ஒரு நீலமலைக்கு முன்னால் மகள் நின்றுவிட்டாள். நானும் பக்கத்தில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் என் சால்வையின் ஒரு முனையை இழுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள், ஒரே சால்வைக்குள் ரெண்டு பேரும். "குளுருதும்மா" என்றாள். அறைக்குள் குளிர் ஒன்றும் இல்லை. அப்புறம்தான் அழுதாள், அந்தப் படத்துக்கு முன்னாலேயே, காவலுக்கு இருந்த பெண் நாற்காலியை நகர்த்திப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு நான் நன்றிகூடச் சொல்லவில்லை.

திரும்பி வந்த மறுநாள் தானாகவே எழுந்து வந்து என்னோடு ஏரிக்கரைக்கு நடக்க வந்தாள். தை மாதம் முடியும்வரை நடந்தோம்.

---

காரிமங்கலம் ரவி

சின்னதாக ஒன்று. பையனோடு தருமபுரி அருங்காட்சியகம் போயிருந்தேன். எங்கள் நாய் லாரியில் அடிபட்டுச் செத்து ஒரு வாரம். அங்கே ஒருவர், நாய்க்குக்கூட இந்தப் பக்கம் நடுகல் எடுத்திருக்கிறார்கள், அந்த நாயின் பெயர் கோவிவன், 1400 வருஷத்துக்கு முன்னால் திருடர்களைக் கடித்து எஜமானுக்காக நின்றது என்று சொன்னார். பையன் திரும்பத் திரும்ப "நாய் பேரையும் எழுதியிருக்காங்களாப்பா?" என்று கேட்டான். அன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் பின்னால் ஒரு கல்லை நட்டு சாக்பீஸால் "மணி" என்று எழுதி வைத்தான். பனியில் அழிந்துவிடும் என்று காலையில் மறுபடி எழுதுவான். கோவிவன் கல் அந்த அருங்காட்சியகத்திலேயே இருக்கிறது, போகிறவர்கள் பாருங்கள்.

---

பாலக்கோடு வாத்தியார்

ரவி, கோவிவன் கல் தருமபுரியில் இல்லை. அது திருவண்ணாமலை மாவட்டம் தண்டராம்பட்டு பக்கம் எடுத்தனூரில், அந்த ஊரிலேயே நிற்கிறது. மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டுக் கல். வீரன் பெயர் கருந்தேவக்கத்தி, காலடியில் நாய், அதன் பெயரும் கல்லில் வட்டெழுத்தில் இருக்கிறது. அங்கே யாரோ சொன்னதை நீங்கள் இடம் மாற்றிப் புரிந்துகொண்டீர்கள். பையனைக் கூட்டிக்கொண்டு அரூர் வழியாகப் போங்கள். இருக்கும் இடத்தில் பார்ப்பதுதான் அவனுக்கு நல்லது.

செவ்வந்தி அம்மா எழுதியதில் எனக்கு ஒரு வருத்தம். படம் பார்த்து மனசு தேற பெங்களூர்தான் போகவேண்டுமா? அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபத்தில் தலையைத் தூக்கினால் ராமாயணம், பாரதம். மல்லபாடிப் பாறையில் வெள்ளையில் தீட்டிய குதிரைவீரர்கள். மல்லச்சந்திரம் மேட்டில் செத்தவர்களுக்காக அந்தக் காலத்தில் பலகைக் கற்களால் எழுப்பிய கல்திட்டைகள், நூற்றுக்கும் மேல். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் 4200 ஆண்டுகளுக்கு முந்தையது என்று 2022-இல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். இதையெல்லாம் நம் பிள்ளைகள் பார்த்ததே இல்லை.

என் அனுபவம்: ஓய்வு பெற்ற வருஷம், தம்பியோடு மல்லபாடி போனேன். பாறைக்குக் கீழே பனி சொட்டிக்கொண்டிருந்தது. தம்பி தன் துண்டால் பாறையைத் துடைக்கப் போனான், கையைப் பிடித்துக்கொண்டேன். முப்பது வருஷம் கழித்து அவன் கையைப் பிடித்தேன். அவ்வளவுதான்.

வயதானவர்களைப் பனியில் கூட்டிப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஐந்து மணிக்கு இழுத்துக்கொண்டு போகாதீர்கள். ரத்தக்கொதிப்பு, நெஞ்சுநோய், இழுப்பு இருப்பவர்களுக்குக் கடுங்குளிர் ஆகாது, ரத்தக்குழாய் சுருங்கும், கொதிப்பு ஏறும். வெயில் எட்டிப் பார்த்தபின் போங்கள். காதையும் மார்பையும் மூடவேண்டும், வாயை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சு விட்டு நடக்கவேண்டும். வெறும் வயிற்றில் வேண்டாம், சூடாக ராகிக் கஞ்சி ஒரு டம்ளர் போதும், சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் பையில் இரண்டு பிஸ்கட். அருங்காட்சியகத்துக்குப் போகும்முன் வார விடுமுறை எந்த நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெளியே நிற்கும் கற்களைக் காலையிலோ சாயங்காலமோ பாருங்கள், உச்சிவெயிலில் எழுத்து தெரியாது, பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால்தான் கோடு எழும்பும். எழுத்தைப் பார்க்கச் சுண்ணாம்பு, மாவு, எண்ணெய் எதையும் தடவாதீர்கள். மூன்று அடுக்காகச் செதுக்கிய கல் என்றால் கீழிருந்து மேலே படியுங்கள்: கீழே சண்டை, நடுவில் அவனைத் தேவமகளிர் தூக்கிப் போவது, மேலே சிவலோகம். வீரன் பக்கத்தில் கெண்டி (மூக்கு வைத்த சொம்பு), சிமிழ் தெரிகிறதா பாருங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்ட நினைக்காதீர்கள். ஒரு கல் போதும்.

பர்கூர்க்காரன் தம்பிக்கு ஒன்று. உங்கள் அப்பா செய்தது சரி. அதியமான் மறைந்தபின் அவன் நடுகல்லுக்கு மயில்பீலி சூட்டிச் சின்னக் கலயத்தில் கள் வார்த்தபோது, மலையோடு நாட்டைக் கொடுத்தாலும் கொள்ளாதவன் இதைக் கொள்வானா என்று ஔவையார் பாடியது புறநானூற்றில் 232-ஆம் பாட்டு. நம் தகடூரை, இன்றைய தருமபுரியை, ஆண்டவன் அவன். அந்தப் பழக்கம்தான் உங்கள் அப்பா காலில் இருந்தது.

---

அரூர் செவ்வந்தி

ஐயா, நான் பெங்களூர்தான் போகவேண்டும் என்று சொல்லவே இல்லையே. என் மகளுக்கு அன்றைக்குத் தெரிந்த முகமே இல்லாத ஒரு இடம் வேண்டியிருந்தது. அதியமான்கோட்டையில் நாலு பேர் "என்ன கண்ணு, மார்க் எவ்வளவு" என்று கேட்டிருப்பார்கள். நம் ஊர்க் கோயிலின் மேல் எனக்கும் அக்கறை உண்டு, ஆனால் எங்கே போனால் அழ முடியும் என்பதை அழப்போகிறவர்தான் முடிவு செய்யவேண்டும். நீங்கள் தம்பி கையைப் பிடித்ததை ரெண்டு வரியில் முடித்துவிட்டீர்களே, அதைத்தான் நான் இன்னும் கேட்க நினைத்தேன்.

---

ஓசூர் ஷிப்ட்

வாத்தியார் ஐந்து மணிக்குப் போகாதீர்கள் என்கிறார், எனக்கு நைட் ஷிப்ட் முடிவதே ஆறு மணிக்கு. கம்பெனி வாசலில் வீட்டுக்காரி ஸ்கூட்டியோடு நிற்பாள், அப்படியே ராமநாயக்கன் ஏரியைச் சுற்றி ஒரு நடை. எங்களுக்கு வேறு நேரமே கிடையாது. வாரம் முழுக்க நாங்கள் விழித்த முகத்தோடு பார்த்துக்கொள்வது அந்த முக்கால் மணி நேரம்தான். ஏரிமேல் பனி கிடக்கும், நடுவில் நிற்கும் பறவை மட்டும் தெரியும், தண்ணீர் தெரியாது.

அதியமான்கோட்டை என்றதும் ஞாபகம் வந்தது. எனக்கும் அக்காவுக்கும் நிலத் தகராறில் மூன்று வருஷம் பேச்சில்லை. ஆயா சாகும்முன் ஒரே ஒரு ஆசை சொன்னது, பேரன் பேத்தி ரெண்டு பேரும் சேர்ந்து பெருமாளைப் பார்க்கக் கூட்டிப்போகணும் என்று. போனோம், காரில் முன்சீட்டில் நான், பின்சீட்டில் அக்கா. மண்டபத்தில் ஆயாவால் கழுத்தைத் தூக்க முடியவில்லை. அக்கா தன் சேலைத் தலைப்பைத் தரையில் விரித்து, ஆயாவைப் படுக்க வைத்து, தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டது. ஆயா கூரையைப் பார்த்துக்கொண்டே, "அது யாரு, அது யாரு" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. பாதி நிறம் போன படங்கள், அக்காவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கடைசியில் நானும் குளிர்ந்த தரையில் பக்கத்தில் படுத்துவிட்டேன். மூன்று பேரும் மேலே பார்த்துக்கொண்டு, இது அனுமார், இல்லடா அது வாலி, வால் பாரு, ரெண்டு பேருக்குமே வால்தான்க்கா என்று பேசிக்கொண்டோம். அதுதான் மூன்று வருஷத்துக்கு அப்புறம் அக்காவோடு பேசிய பேச்சு.

நிலம் இன்னும் தீரவில்லை. ஆனால் மார்கழி வந்தால் அக்கா பச்சை மொச்சை வாங்கி உட்கார்ந்து பிதுக்கி, பிதுக்கம்பருப்புக் குழம்பு வைத்து எனக்கும் ஒரு தூக்குவாளி கொடுத்துவிடுகிறது.

---

காரிமங்கலம் ரவி

வாத்தியார் ஐயா, திருத்தியதற்கு நன்றி. நேற்று எடுத்தனூர் போய்வந்தோம். பையன் கல்லில் நாயைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டான். காலடியில் எவ்வளவு சின்னதாக இருக்கிறது தெரியுமா, ஆனால் நிமிர்ந்து நிற்கிறது. ஊர்ப் பெரியவர் ஒருவர் பூ வைக்கச் சொன்னார். பையன் சட்டைப்பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்து வைத்தான்.

---

பர்கூர்க்காரன்

எல்லாவற்றையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அந்தத் தை மாதம் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவே பொங்கல் வைத்தார். நாங்கள் யாரும் கிட்டே போகக்கூடாது என்றுவிட்டார். கொல்லை வரப்பில் கல் மூட்டி, பனியில் நனைந்த விறகை ஊதி ஊதி, கண் சிவந்துபோய். வெல்லம் எவ்வளவு போடுவது என்று மட்டும் தெரியவில்லை. அம்மா கைப்பிடி அளவில் போடுவார், அந்தக் கை எவ்வளவு என்று யாருக்குத் தெரியும். மகள் தன் கையை நீட்டினாள், அப்பா அவள் கையால் மூன்று தரம் போடச் சொன்னார்.

இப்போது மறுபடி மார்கழி. காலையில் நடக்கும்போது பேசிக்கொண்டே வருகிறார், மாம்பூவில் தத்துப்பூச்சி இறங்கிவிட்டது என்று நேற்று முழுக்கத் திட்டு. இன்றைக்கு நடுவழியில் நின்று என்னைக் கேட்டார்: "அங்க வெச்சிருக்கிற வேடியப்பனுக்கு யாருடா பொங்க வெக்கிறாங்க?" சனிக்கிழமை போகலாம் என்று சொல்லியிருக்கிறேன்.