சும்பா கிராமத்தில் நிலம்: வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கேட்கிறார்கள், அவசரம்

சும்பா புதுவரவு:
வணக்கம். மனைவி ஊருக்கு வந்து ஏழு வாரம் ஆகிறது. இந்தோனேசியா, சும்பா தீவு, கோடி பக்கம் ஒரு கிராமம். தம்போலக்கா விமான நிலையத்திலிருந்து பைக்கில் ஒன்றரை மணி நேரம். கடலை ஒட்டி அரை ஹெக்டேர் நிலம் வருகிறது, நம் கணக்கில் ஒன்றேகால் ஏக்கர். விலை 15 கோடி ரூப்பியா. பயப்படாதீர்கள், நம் பணத்தில் எட்டு லட்சத்துக்குப் பக்கம். வெள்ளிக்கிழமைக்குள் 5 கோடி ரொக்கமாக வேண்டுமாம், இல்லையென்றால் பாலியிலிருந்து வரும் ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களாம். இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. கொடுக்கலாமா, வேண்டாமா? சர்ச்சுக்குப் பின்னால் உள்ள மேட்டில்தான் சிக்னல், பதில் தாமதமானால் கோபிக்காதீர்கள்.

மேடான்காரன்:
தம்பி, நீங்கள் ஏன் அங்கே போனீர்கள்? சுமத்ராவில் மேடானுக்கு வந்திருக்கலாமே. 1884-ல் எழுந்த மாரியம்மன் கோவில் இருக்கிறது, கம்போங் மெட்ராஸ் என்று ஒரு வட்டாரமே இருக்கிறது, கறிவேப்பிலைக்கு அலைய வேண்டாம். நான் வந்த புதிதில் ஒரு வார்த்தை மொழி தெரியாது. கெடாய் என்றால் கடை, கப்பால் என்றால் கப்பல் என்று பிடிபட்ட பிறகுதான் மூச்சு வந்தது. ஆறு மாதம் ஒழுகுகிற அறையில், தலைமாட்டில் வாளியை வைத்துக்கொண்டு தூங்கினேன். அதையெல்லாம் நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கும்.

சனூர் கடற்கரை:
மேடானுக்கும் சும்பாவுக்கும் உள்ள தூரம் சென்னை-டெல்லியை விட அதிகம் அண்ணே. தம்பி கேட்டது நிலம். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஹக் மிலிக் என்கிற முழு உரிமைப் பத்திரம் வெளிநாட்டவருக்குக் கிடையாது, ஆகவே மனைவி பெயரில் வாங்குங்கள். முடிந்தது கதை. பாலியில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

லொம்போக் மருமகள்:
சனூர் அண்ணா, கதை முடியவில்லை, அங்கேதான் ஆரம்பிக்கிறது. வெளிநாட்டவரைக் கல்யாணம் செய்தவர், சொத்து தனித்தனி என்று ஒப்பந்தம் போடாவிட்டால், வாங்குவது இருவருக்கும் பொதுச் சொத்து ஆகிவிடும். அப்புறம் 1960-ம் ஆண்டு நிலச் சட்டம் குறுக்கே வரும், ஒரு வருடத்துக்குள் அந்த உரிமையைக் கைமாற்ற வேண்டும். முன்பெல்லாம் இந்த ஒப்பந்தத்தைக் கல்யாணத்துக்கு முன்னால்தான் போட முடியும். அரசியல் சாசன நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, கல்யாணமான பின்பும் நோட்டரியிடம் போடலாம். நாங்கள் போட்டோம்.

மைத்துனர் பெயரில், நண்பர் பெயரில் என்று யாராவது சொன்னால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். அந்த ஏற்பாடு செல்லாது. நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தையும் திரும்பக் கேட்க முடியாது. இதுவும் அதே சட்டத்தில், 26-வது பிரிவில் இருக்கிறது.

புளோரஸ் சோலார்:
நிலம் கிடக்கட்டும், கொசுவலை கட்டினீர்களா? சும்பாவில் மலேரியா நிஜம். குளிர் வந்து உடம்பு நடுங்கினால் அன்றைக்கே புஸ்கெஸ்மாஸ், அதாவது அரசு ஆரம்ப சுகாதார நிலையம் போய் ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். நான் புளோரஸ் தீவில் சோலார் பலகை மாட்டப் போனவன், முதல் மாதமே படுத்துவிட்டேன். குடிக்க காலோன் என்கிற பெரிய கேன் தண்ணீர்தான், கிணற்றை நம்பாதீர்கள். போனையும் கவனியுங்கள். வெளிநாட்டில் வாங்கிய செட்டை விமான நிலையச் சுங்கத்தில் பதிவு செய்யாமல் விட்டால், உள்ளூர் சிம்முக்கு சிக்னல் அறுந்துவிடும். எனக்கு ஒரு நாள் காலையில் அறுந்தது. மனைவிக்குச் சொல்லக்கூட வழியில்லை.

மேடான்காரன்:
அதை விடுங்கள், ஊரிலிருந்து போன் வந்தால் "பாலியில் ஜாலியா?" என்கிறார்கள். இந்தோனேசியா என்றாலே பாலிதான் இவர்களுக்கு.

புளோரஸ் சோலார்:
எனக்கு விடிகாலை மூன்று மணிக்குச் சேவல். அது ஓய்ந்தால் பன்றி. சாவு வீட்டுக்குப் பன்றி கொண்டுபோக வேண்டும், அந்தக் கணக்கை ஊரே நினைவில் வைத்திருக்கும். யாரும் எழுதி வைப்பதில்லை, யாரும் மறப்பதுமில்லை. நம் மொய் நோட்டு எவ்வளவோ தேவலை.

சனூர் கடற்கரை:
வெற்றிலையைப் பற்றி ஒன்று. வாங்காதீர்கள், பழகிவிட்டால் பல் போகும்.

லொம்போக் மருமகள்:
ஐயோ, அப்படிச் சொல்லிக் கொடுக்காதீர்கள். சும்பாவில் வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் நீட்டுவது பாக்கும் சிரி என்கிற வெற்றிலையும்தான். நம்மைப் போல இலை மட்டும் இல்லை, திப்பிலி மாதிரி நீளமான காயைத்தான் அதிகம் மெல்லுவார்கள். கையில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாலும் போதும், தட்டக்கூடாது.

சும்பா புதுவரவு:
வெற்றிலைப் பாக்குக்கு நான் பழகிவிட்டேன் அக்கா, எங்கள் ஊர் புதுக்கோட்டைப் பக்கம்தான். இங்கே முருங்கைக் கீரை வேலிக்கு வேலி இருக்கிறது, அதனால்தான் உயிரோடு இருக்கிறேன். நிலத்துக்குச் சர்டிபிகேட் இன்னும் இல்லையாம், மனைவியின் பெரியப்பா முறை ஆள்தான் விற்கிறார். பழைய கல் சமாதி இரண்டு இருக்கிறது, அதைச் சுற்றி வீடு கட்டிக்கொள்ளலாம் என்கிறார். விசா பிரச்சினை இல்லை, வரும்போது 30 நாள் கொடுத்தார்கள், ஒரு தடவை நீட்டித்துவிட்டேன்.

லொம்போக் மருமகள்:
தம்பி, இதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டாமா!

வருகை விசா 30 நாள், ஒரே ஒரு நீட்டிப்பு 30 நாள். மொத்தம் 60, வந்து இறங்கிய நாளும் சேர்த்து. ஏழு வாரம் என்றால் உங்களிடம் பத்து நாள்தான் மிச்சம். தாண்டினால் நாளுக்கு 10 லட்சம் ரூப்பியா அபராதம். 60 நாளுக்கு மேல் தாண்டினால் நாடு கடத்தல், மறுபடி வரத் தடை. நிலத்தை மறந்துவிட்டு டிக்கெட் போடுங்கள். இப்போது மழைக்காலம், அந்தச் சின்ன விமானம் ரத்தானால் அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாது. வைகேலோ துறைமுகத்திலிருந்து பக்கத்துச் சும்பாவா தீவின் சாப்பே போகும் படகும் அலை பெரிதானால் நிற்கும். மூன்று நான்கு நாள் கையில் வைத்துக் கிளம்புங்கள். தம்போலக்கா கைவிட்டால் தீவின் மறுமுனையில் வைங்காப்பு விமான நிலையம் இருக்கிறது, சாலையில் அரை நாள். பாலி போய் அங்கிருந்து கோலாலம்பூர். வெளியே இருந்துகொண்டு துணைவர் விசாவுக்கு மனைவியை விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். கல்யாணம் இந்தியாவில் பதிவானதா? அப்படியென்றால் சான்றிதழுக்கு அப்போஸ்தில், அதாவது வெளிநாட்டில் செல்லுபடியாகும் முத்திரை வாங்கி, இங்கே குடிமைப் பதிவு அலுவலகத்தில் மனைவி பதிய வேண்டும். தூதரக உதவி வேண்டுமானால் பாலியிலேயே இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது.

நிலம்: சர்டிபிகேட் இல்லை என்றால் அது பெரியப்பாவுடையது இல்லை, கபிசுவுடையது. அதாவது குலம் முழுவதற்கும். ஒருவர் விற்றால் நாளைக்கு ஒன்பது பேர் வருவார்கள். சமாதி இருந்தால் சந்தேகமே வேண்டாம், விலகிக்கொள்ளுங்கள். கடலில் ஏற்றம் உச்சிக்கு வரும் கோட்டிலிருந்து 100 மீட்டருக்குள் வீடும் கட்ட முடியாது, அரை ஹெக்டேரில் உங்களுக்கு என்ன மிஞ்சும் என்று அளந்து பாருங்கள். பெரியப்பாவிடம் நேரடியாக "வேண்டாம்" என்று சொல்லி முகம் முறிக்க வேண்டாம். நில அலுவலகத்தில் பதிந்து பத்திரம் வரட்டும், நோட்டரி முன்னால் முழுப் பணமும் தருகிறோம் என்று மாமனாரை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

சனூர் கடற்கரை:
சமாதியைப் பற்றி எனக்குத் தெரியாது. அக்கா சொல்வதைக் கேளுங்கள். பாலியில் ஒரு ராத்திரி தங்க வேண்டுமானால் என் வீடு இருக்கிறது, தனிச் செய்தி அனுப்புங்கள்.

சும்பா புதுவரவு:
செவ்வாய்க்கிழமை விமானத்தில் இடம் கிடைத்தது. கல்யாணச் சான்றிதழ் புதுக்கோட்டையில் அம்மா பீரோவில் இருக்கிறது, தம்பியை எடுக்கச் சொல்லியிருக்கிறேன். மாமனார் பாக்குப் பையோடு பெரியப்பா வீட்டுக்குப் போய் இரண்டு மணி நேரம் ஆகிறது. இன்னும் திரும்பவில்லை.