நாலு நாள் லீவு, வீட்டைச் சுற்றியே: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

போன நீண்ட விடுமுறைக்கு வெளியூர் கிளம்பினோம். போக ஏழு மணி நேரம், திரும்ப ஒன்பது மணி நேரம். பார்க்கப் போன இடத்தில் இருந்தது ஐந்தே மணி நேரம். முன்னால் ஊர்ந்த காரின் பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த வாசகம் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். அதனால் இந்த முறை நாலு நாளும் எங்கேயும் நகர்வதில்லை என்று வீட்டில் ஏகமனதாக முடிவெடுத்தோம்.

முதல் நாள் வீண். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பரணை மட்டும் ஒருதரம் பார்த்துவிடலாமே என்று காலையில் ஏணி போட்டேன். இருட்டும்போது கூடம் முழுக்கப் பழைய ஒயரும் மூடியில்லாத டப்பாவும் மூடி மட்டும் இருக்கிற டப்பாவும். எதையும் தூக்கிப் போட மனசு வரவில்லை, எல்லாவற்றையும் திரும்ப மேலேயே ஏற்றினேன். வீட்டில் இருக்கும் லீவை வீட்டு வேலை தின்றுவிடும். அதற்கு ஒரு அரைநாளை ஒதுக்கிவிட்டு, மீதி நேரம் வாசற்படியைத் தாண்டிவிடுவது நல்லது.

இரண்டாம் நாள்தான் விஷயமே. நான் ஆபீஸ் போக தினமும் ஒரே பஸ்தான். ஆறு வருஷமாகப் பதினோராவது நிறுத்தத்தில் இறங்கிவிடுகிறேன். பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருக்கிற இடத்தில் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. சரி, போய்த்தான் பார்ப்போமே என்று ஏறினேன். என் நிறுத்தம் வந்ததும் பழக்கதோஷத்தில் எழுந்தேவிட்டேன், அப்புறம் அசடு வழிய உட்கார்ந்தேன். அதன் பிறகு வந்த ஒவ்வொரு திருப்பமும் புதுசு.

கடைசி நிறுத்தத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. சரளைக்கல் பரப்பிய மைதானம், ஓரத்தில் ஒரு மரம், பாதி இடிந்த சுவர். எஞ்சினை அணைத்ததும் காது அடைத்துக்கொண்ட மாதிரி அமைதி. இறங்காமல் உட்கார்ந்திருந்த என்னைக் கண்ணாடியில் பார்த்த டிரைவர், "சார், இதோட கடைசி" என்றார். சும்மா பார்க்க வந்தேன் என்றேன். நம்பாமல் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "லீவு விட்டா வண்டி இப்படித்தான் காலியா வரும். அந்த இடிஞ்ச சுவர் பக்கமா போனீங்கன்னா குளம் ஒண்ணு இருக்கு. வண்டி எடுக்க இருபது நிமிஷம் ஆகும். எடுக்கும்போது ஹாரன் அடிக்கிறேன், ஓடி வந்துடுங்க" என்றார்.

போனேன். படியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தேன். போன் பையிலேயே இருந்தது. ஹாரன் கேட்டது, நிஜமாகவே ஓடினேன். நாலு நாளில் எனக்குத் தங்கியது அந்த இருபது நிமிஷம்தான். உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

* * *

நாங்கள் மொட்டை மாடிக்கு மேல் போகவில்லை. சர்வதேச விண்வெளி நிலையம் எப்போது தலைக்கு மேல் வரும் என்று நாசா இலவசமாகவே நேரம் சொல்கிறது. பூமியை ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒருதரம் சுற்றுகிறதாம். ஆனால் நம் கண்ணுக்குப் படுவது விடியலுக்குச் சற்று முன்போ, இருட்டத் தொடங்கிய பிறகோதான். கீழே நமக்கு இருட்டு, 400 கிலோமீட்டர் உயரத்தில் அதன் மேல் இன்னும் வெயில் அடிக்கிறது, அதனால்தான் மின்னுகிறது.

சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்பு வரை மகள் நம்பவில்லை. பிறகு மேற்கே ஒரு வெளிச்சப் புள்ளி கிளம்பியது. விமானம் போலக் கண் சிமிட்டவில்லை, சத்தமில்லை, ஒரே சீராக ஏறி வந்தது. அதற்குள் மனிதர்கள் இருக்கிறார்கள், 2000 நவம்பரிலிருந்து ஒரு நாள்கூட ஆளில்லாமல் இருந்ததில்லை என்றேன். கை ஆட்ட ஆரம்பித்துவிட்டாள். நடு வானத்தைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில், மேகமே இல்லாத இடத்தில், சட்டென்று காணாமல் போனது. "அம்மா, அணைச்சுட்டாங்க!" பூமியின் நிழலுக்குள் போய்விட்டது என்று நான் விளக்கியதை அவள் காதில் வாங்கவே இல்லை.

அடுத்த வீட்டு மாடியிலிருந்து ஒரு குரல்: "என்னம்மா பார்க்கிறீங்க?" இரண்டு வருஷமாகப் பக்கத்து வீடு, அன்றைக்குத்தான் முதல் பேச்சு. மறுநாள் அவர்கள் குடும்பமே மாடியில் நின்றது. அன்றைக்குப் பார்த்து மேகம்.

* * *

பறவை பார்க்கலாம். பிப்ரவரியில் வெள்ளி முதல் திங்கள் வரை நாலு நாள் உலகம் முழுக்க ஒரு கணக்கெடுப்பு நடக்கிறது, 1998இல் தொடங்கியது. 15 நிமிடம் ஒரே இடத்தில் நின்று கண்ணில் பட்டதை எண்ணினால் போதும். நான் லீவு வரும்போதெல்லாம் ஜன்னலில் நின்று அதே மாதிரி எண்ணுகிறேன். புறாவும் காகமும்தான் இருக்கும் என்று நினைத்தேன். முதல் நாளே ஒன்பது வகை. விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் நிற்க வேண்டும், பத்து மணிக்கு எழுந்து வந்தால் புறா மட்டும்தான்.

* * *

எல்லாரும் கொடுத்து வைத்தவர்கள். நாங்கள் ஊரில்தான் இருக்கிறோம் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் கணவர் வெகுளியாகப் போட்டார். மூன்று குடும்பம் வந்து இறங்கியது. நாலாம் நாள் ராத்திரி பாய் தலையணையெல்லாம் மடித்து வைத்துவிட்டு, மறுநாள் ஆபீஸ் போய்த்தான் ஓய்வெடுத்தேன். உள்ளூரில் இருப்பதை யாரிடமும் மூச்சு விடாதீர்கள்.

* * *

முதலில் எழுதியவன்தான். அந்தக் கடைசி அறிவுரையை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன், எங்கள் வீட்டு குழுவும் அடுத்த லீவுக்கு வாய் திறக்காது. பஸ்ஸுக்கு இன்னொரு முனையும் இருக்கிறதல்லவா? எதிர்ப்பக்கம் நின்று ஏறினால் போயிற்று.